வாசிக்காதவரின் வாத்தியம்

1930-களின் தொடக்கத்தில் லண்டனில் பதிவான ஒரு நடன இசைத்தட்டை எடுத்துக்கொள்வோம். பத்து அங்குல அகலம். நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டு. நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் பாட்டின் பெயர் இருக்கும். அதன் கீழே பேண்ட் தலைவரின் பெயர் பளிச்சென்று இருக்கும். அதற்கும் கீழே பொடி எழுத்தில், இது வாய்ப்பாட்டு சேர்ந்த பதிவு என்று ஒரு குறிப்பு. பாடியது யார் என்பது பெரும்பாலான தட்டுகளில் இருக்காது. அப்படிப் பெயரில்லாமல் போன குரல்களில் ஒன்று ஆல் போலியுடையது. மொசாம்பிக்கில் பிறந்து, ஜோஹானஸ்பர்கில் முடிதிருத்தும் தொழில் செய்து, கல்கத்தாவிலும் சிங்கப்பூரிலும் ஹோட்டல் பேண்டுகளில் வாசித்துப் பிழைத்து, 1928-ல் லண்டன் வந்து சேர்ந்தவர் அவர். சில ஆண்டுகளுக்குள் நூற்றுக்கணக்கான தட்டுகளில் பாடினார். இன்று அந்தத் தட்டுகளைத் தேடிக் கேட்பவர்களில் பெரும்பாலானோர் அவர் குரலுக்காகத்தான் கேட்கிறார்கள்.

அந்தச் சிறு காகிதமே பேண்ட் தலைவர்கள் மீதான குற்றப்பத்திரிகை. பாடியவர் ஒருவர். சாக்ஸபோனும் ட்ரம்பெட்டும் ஊதியவர்கள் ஏழெட்டுப் பேர். யார் எந்த இடத்தில் என்ன வாசிக்க வேண்டும் என்று இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியவர் இன்னொருவர். பெயரோ, எல்லாருக்கும் முன்னால் கோட்டும் வெள்ளை டையுமாக நின்று குச்சியை அசைத்தவருக்கு. ஜாக் ஹில்டன், ஆம்ப்ரோஸ், ராய் ஃபாக்ஸ், லூ ஸ்டோன், ஹென்றி ஹால், ஹாரி ராய், ஜெரால்டோ என்று 1920-கள் தொடங்கி 1940-கள் வரை பிரிட்டனில் வீட்டுக்கு வீடு தெரிந்திருந்த பெயர்கள் இவை. ஜாஸ் வரலாறு எழுதுகிறவர்கள் இவர்களை இரண்டே வரியில் தாண்டிப் போய்விடுவது வழக்கம்: அமெரிக்கச் சரக்கில் தண்ணீர் கலந்து விற்றவர்கள், பிறர் உழைப்பில் பெயர் வாங்கியவர்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனாலும் தீர்ப்பு தவறு என்றே நான் கருதுகிறேன். இவர்களில் சிறந்தவர்கள் தாங்கள் வாசிக்காமலே ஒரு வாத்தியத்தைச் செய்தார்கள். பேண்ட்தான் அந்த வாத்தியம். பத்துப் பதினைந்து பேரைத் தேடிப் பிடித்து, ஒரு கூடத்துக்கும் ஒரு மைக்குக்கும் ஆடுகிறவர்களின் கால்களுக்கும் பொருந்துகிற ஒரே ஒலியாக அவர்களைச் சேர்ப்பது தனிக் கலை. அதை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

முதலில் தொழிலின் அமைப்பைப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போர் முடிந்ததும் லண்டனை நடன மோகம் பிடித்துக்கொண்டது. 1919-ல் ஹாமர்ஸ்மித் பலே என்ற பெரிய நடனக்கூடம் திறந்தபோது, அமெரிக்காவிலிருந்து வந்த ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் அங்கே வாசித்தது. பிறகு பெரிய ஹோட்டல்கள் சாப்பாட்டு மேஜைகளுக்கு நடுவே ஆடுவதற்கு இடம் ஒதுக்கின. 1923-ல் சவாய் ஹோட்டலில் டெப்ராய் சோமர்ஸ் 'சவாய் ஆர்ஃபியன்ஸ்' என்ற குழுவை அமைத்தார். அந்த ஹோட்டலிலிருந்து புதிதாகப் பிறந்திருந்த பி.பி.சி. வானொலி நடன இசையை ஒலிபரப்பத் தொடங்கியது. தலைவர் இந்த ஏற்பாட்டின் நடுவில் நிற்கும் ஒப்பந்தக்காரர். ஹோட்டல் நிர்வாகம் பேசுவதும் பணம் கொடுப்பதும் அவரிடம். ஆட்களை எடுப்பதும் சம்பளம் தருவதும் நீக்குவதும் அவர். இதைச் சொல்லியே அவர்களை வெறும் வியாபாரிகள் என்று தள்ளுவார்கள். ஆனால் யாரை எடுப்பது, யாரை விடுவது, எதை வாசிப்பது, எதை மறுப்பது என்ற முடிவுகள் சேர்ந்துதான் ஒரு பேண்டின் ஒலி உருவாகிறது. கணக்குப் பார்த்த அதே கைதான் இசையையும் தீர்மானித்தது.

தலைவரால் ஏதாவது வேறுபாடு உண்டா என்பதைச் சோதித்துப் பார்க்க வரலாறே ஒரு வாய்ப்பைக் கொடுத்திருக்கிறது. லண்டன் பிக்காடிலியில் மான்சென்யர் என்ற உணவகம் 1931-ல் ஒரு புதுப் பேண்டை அமர்த்தியது. தலைவர் ராய் ஃபாக்ஸ், அமெரிக்கர். கார்னெட் வாத்தியத்தைக் காதோடு ரகசியம் பேசுவதுபோல அடக்கி ஊதிப் பெயர் வாங்கியவர். பாடகர் ஆல் போலி. ட்ரம்பெட்டில் நாட் கோனெல்லா. பியானோவில், பாட்டுகளை பேண்டுக்காக அமைத்துக் கொடுக்கும் அரேஞ்சராகவும், லூ ஸ்டோன். சில மாதங்களில் ஃபாக்ஸுக்கு நுரையீரல் உறையில் நோய் கண்டு சுவிட்சர்லாந்துக்குச் சிகிச்சைக்குப் போனார்; அவர் திரும்பும்வரை ஸ்டோன் பொறுப்பைப் பார்த்தார். 1932 இலையுதிர் காலத்தில் ஃபாக்ஸின் ஒப்பந்தம் முடிந்தபோது உணவகம் தலைமையை ஸ்டோனிடமே கொடுத்துவிட்டது. வாத்தியக்காரர்களில் பெரும்பாலோர் ஸ்டோனுடனேயே தங்கிவிட்டார்கள். அதே கூடம், ஏறக்குறைய அதே ஆட்கள், அதே பாடகர். மாறியது முன்னால் நின்றவர் மட்டுமே.

அந்த இரண்டு காலத்துத் தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் காதுக்கே விடை தெரியும். ஃபாக்ஸ் காலத்தில் எல்லாம் மெத்தென்று இருக்கும். யாரும் யாரையும் மிஞ்ச மாட்டார்கள். இரவு விருந்தின் பேச்சுக்குக் குறுக்கே வராத இசை. ஸ்டோன் தலைமையில் அதே மனிதர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததுபோல இருக்கும். கோனெல்லாவுக்கும் ட்ராம்போன்காரருக்கும் நாலைந்து வரி சொந்தமாகப் பேச இடம் கிடைக்கிறது. பித்தளை வாத்தியங்களும் மர வாத்தியங்களும் ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. போலியின் குரலுக்குப் பின்னால் ஒரு கிளாரினெட் தனியாக வேறு பாதை போட்டுக்கொண்டு போகிறது. ஸ்டோன் முன்பும் இதே பேண்டுக்கு எழுதியவர்தானே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் எழுதுகிறவர் தலைவரானபோதுதான் அந்த எழுத்து முழுதாக வெளியே வந்தது. முன்பு அதன் எல்லையை இன்னொருவரின் ரசனை வரைந்திருந்தது. தலைவரின் ரசனை பேண்டுக்குக் கூரை மாதிரி. அதற்குமேல் யாராலும் எழும்ப முடியாது.

மூன்று நிமிடத் தட்டில் அந்த ரசனை எங்கே வேலை செய்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். பாட்டு வெளியீட்டாளர் அச்சடித்துக் கொடுப்பது பியானோவுக்கான நோட்ஸும் வரிகளும் மட்டும். முப்பத்திரண்டு தாளக் கட்டங்கள் கொண்ட ஒரு மெட்டு. அதற்கு முன் ஒரு சிறு முன்னுரை. இதை மூன்று முறை திருப்பினால் தட்டு நிரம்பிவிடும். அதே நேரம் சலித்தும் விடும். ஆகவே முதல் சுற்றைச் சாக்ஸபோன்கள் சேர்ந்து ஊதும். நடுவில் பாடகர் எழுந்து வந்து ஒரு சுற்று பாடிவிட்டு உட்கார்ந்துவிடுவார். கடைசிச் சுற்றில் பித்தளை வாத்தியங்கள் சுருதி மாற்றி உயர்ந்து முடிக்கும். பொதுவான அச்சு இது. இதற்குள் வயலினை எங்கே நுழைப்பது, தாளத்தை எங்கே சட்டென்று நிறுத்தி ஒரே ஒரு பியானோவை விடுவது, ட்ரம்பெட்டின் வாயை எப்போது மூடுவது என்பவை அரேஞ்சரின் வேலை. எந்த அரேஞ்சருக்கு எந்தப் பாட்டைக் கொடுப்பது, எழுதி வந்ததில் எதை வெட்டுவது, எந்த வேகத்தில் எடுப்பது, பாடகரைப் பாட விடுவதா வேண்டாமா என்பவை தலைவரின் வேலை. அச்சடித்த மெட்டு எல்லாப் பேண்டுகளுக்கும் பொதுவாகக் கிடைத்தது. ஒரே பாட்டை ஒரே மாதத்தில் ஐந்தாறு பேண்டுகள் பதிவுசெய்வது அன்று சாதாரணம். ஒன்று நிற்கிறது, மற்றவை மறைகின்றன என்றால் காரணத்தை மெட்டில் தேடிப் பயனில்லை.

ஆட்களைக் கண்டுபிடிப்பதில் ஆம்ப்ரோஸுக்கு நிகரில்லை. வார்சாவில் பிறந்து, சிறுவயதிலேயே லண்டன் வந்து, நியூயார்க்கில் வயலின் வாசித்துப் பழகியவர். எம்பசி கிளப்பில் பெயர் வாங்கி, 1927-ல் மேஃபேர் ஹோட்டலுக்குப் போனார். போகப்போக வயலினைத் தூக்குவதே குறைந்துவிட்டது. கேட்பது மட்டும் குறையவில்லை. அவருடைய பேண்டில் அமெரிக்க ட்ரம்பெட்காரர் சில்வெஸ்டர் அஹோலாவும் கிளாரினெட்காரர் டேனி போலோவும் இருந்தார்கள்; ட்ராம்போன் வரிசையில் டெட் ஹீத் உட்கார்ந்திருந்தார்; அரேஞ்சராக சிட் ஃபிலிப்ஸ்; 1930-களின் பிற்பகுதியில் பாடகியாக வேரா லின். இவர்களில் யாரை எடுத்துக்கொண்டாலும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை உருவாக்கிய 'ஸ்குவாட்ரனேர்ஸ்' என்ற நடனக்குழுவின் மையமே ஆம்ப்ரோஸிடம் வேலை பார்த்தவர்கள். டெட் ஹீத் பிற்காலத்தில் நடத்திய பேண்ட், போருக்குப் பிந்தைய பிரிட்டனில் முதலிடத்தில் நின்றது. ஒரு தலைமுறை வாத்தியக்காரர்களுக்கு ஆம்ப்ரோஸின் பேண்ட் ஒரு குருகுலமாகவே இருந்தது. வாசிக்காமல் நின்றார் என்பது அவர்மேல் உள்ள குறை என்றால், அவர் நின்ற இடத்திலிருந்து எத்தனை பேர் வாசிக்கக் கிளம்பினார்கள் என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

ஜாக் ஹில்டன் வேறு வகை. லங்காஷையரின் பருத்தி ஆலை ஊர்ப் பக்கம் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்கப் பேண்ட்மாஸ்டர் பால் வைட்மனின் தட்டுகளைக் கேட்டுக் கேட்டே பெரிய குழு எப்படி எழுதி வாசிக்கிறது என்று கற்றுக்கொண்டார். ஹோட்டல் கூடத்துக்குள் அடைபட விரும்பாமல் மேடைக்கும் ஐரோப்பியப் பயணத்துக்கும் தன் பேண்டைத் திருப்பினார். 1931-ல் பாரிஸ் ஆப்பெராவில், ஸ்ட்ராவின்ஸ்கியின் 'மாவ்ரா' என்ற இசைநாடகத்தின் பகுதிகளை நடனக்குழுவுக்கு மாற்றி எழுதி வாசித்துக் காட்டினார். அந்த முயற்சி வெற்றியா என்பதில் கருத்து வேறுபடலாம். அந்தத் துணிவு ஒரு கடைக்காரருக்கு வராது. 1933-ல் ட்யூக் எலிங்டனையும் அவர் பேண்டையும் லண்டன் பலேடியத்துக்கு வரவழைத்ததும் ஹில்டனே. தன் பேண்டைவிட உயர்ந்ததைத் தன் ஊர் மக்கள் முன்னால் நிறுத்திக் காட்டினார். அவர் வாழ்க்கையில் ஒரு கறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1934-ல் அமெரிக்காவிலிருந்து வந்து அவரோடு வாசித்த கறுப்பினச் சாக்ஸபோன் மேதை கோல்மன் ஹாக்கின்ஸை, மறு ஆண்டு நாஜி ஜெர்மனி உள்ளே விட மறுத்தது. ஹில்டன் அவரை விட்டுவிட்டுத் தன் பேண்டோடு போனார். போயிருக்கக் கூடாது.

வானொலி வந்ததும் தலைவர்களின் கூடம் நாடளவுக்குப் பெரிதானது. 1928-ல் ஜாக் பெய்ன் பி.பி.சி.யின் சொந்த நடனக்குழுவுக்குத் தலைவரானார். 1932-ல் அவர் நாடக அரங்குகளுக்குப் போனபோது தன் ஆட்களையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த இடத்துக்கு வந்த ஹென்றி ஹால், புதிதாக ஆட்களைச் சேர்த்து 1932 மார்ச்சில் தொடங்கினார். பெய்னுடையது மேடையைக் கலக்குகிற கோமாளித்தனமும் ஆரவாரமும் கலந்த குழு. ஹால், சால்வேஷன் ஆர்மியில் வாத்தியம் பழகிய அமைதியான மனிதர். மாலையில் தேநீர் வேளையில், ஆடுவதற்கு இடமே இல்லாத சின்ன வீடுகளில், வேலையிலிருந்து திரும்பியவர்களும் பள்ளிவிட்டு வந்த குழந்தைகளும் கேட்பார்கள் என்பதைப் புரிந்துகொண்டு, ஒவ்வொரு வாத்தியமும் மைக்கில் தெளிவாக விழும்படி தன் பேண்டை அமைத்தார். 1932-ல் அவர் பதிவுசெய்த 'டெடி பேர்ஸ் பிக்னிக்' பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அடித்தொண்டை ஒலியிலிருந்து உச்ச ஒலிவரை அதில் பரந்து கிடந்ததால், பி.பி.சி.யின் பொறியாளர்கள் தங்கள் கருவிகளைச் சோதிக்கவே அந்தத் தட்டைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். குழந்தைப் பாட்டு என்று ஒதுக்கப்படும் ஒரு பதிவுக்கு இதைவிடக் கறாரான நற்சான்றிதழ் கிடைக்காது.

வானொலியின் செல்வாக்கு ஊழலையும் கொண்டுவந்தது. பி.பி.சி.யில் ஒருமுறை ஒலித்தால் ஒரு பாட்டின் அச்சுப் பிரதிகள் ஆயிரக்கணக்கில் விற்கும் என்பதால், தங்கள் பாட்டை வாசிக்கச் சொல்லி வெளியீட்டாளர்கள் தலைவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். பலர் வாங்கினார்கள். இதைத் தடுக்க பி.பி.சி. பலவிதமாகப் போராடியது, ஒரு கட்டத்தில் பாட்டின் பெயரை அறிவிப்பதையே நிறுத்திப் பார்த்தது. கையூட்டு ரசனையைக் கெடுக்கும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அந்தக் காலத்துச் சராசரித் தட்டுகளில் இவ்வளவு மொண்ணைப் பாட்டுகள் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தலைவர்களின் கலையை மதிக்கிறவர்கள் இந்த வரவையும் கூசாமல் பதிவுசெய்ய வேண்டும்.

இனி, தண்ணீர் கலந்த ஜாஸ் என்ற குற்றச்சாட்டு. ஜாஸ் என்பது வாசிப்பவரின் கற்பனைக்கு முதலிடம் தரும் இசை. லண்டன் பேண்டுகளோ எழுதியதை எழுதியபடி வாசித்தன, அதனால் உயிரில்லை என்பார்கள். நடன இசையை எதனால் அளப்பது என்ற கேள்வியைக் கேட்காமலே சொல்லப்படும் தீர்ப்பு இது. இந்தப் பேண்டுகளின் முன்னால் உட்கார்ந்து கேட்கும் சபை இருக்கவில்லை. ஆடுகிற ஜோடிகள் இருந்தார்கள். விக்டர் சில்வெஸ்டர் என்பவர் 1922-ல் நடனத்தில் உலக சாம்பியன் ஆனவர். பேண்டுகள் தங்கள் திறமையைக் காட்டுவதற்காக வேகத்தை ஏற்றி இறக்குவதால் ஆடுகிறவர்கள் தடுமாறுகிறார்கள் என்று கண்டு, 1935-ல் தானே ஒரு குழு அமைத்தார். காலப்பிரமாணம் கொஞ்சமும் பிசகாது. குவிக்ஸ்டெப் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 தாளக் கட்டம்; ஸ்லோ ஃபாக்ஸ்ட்ராட் என்றால் ஏறத்தாழ 30. பாட்டு கிடையாது, தனி ஆவர்த்தனம் கிடையாது. மெட்டு எப்போதும் காதுக்கு முன்னால் நிற்கும். அவருடைய தட்டுகள் கோடிக்கணக்கில் விற்றன. ஜாஸ் ரசிகர்கள் அவர் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். ஆனால் கச்சேரிக்கு உட்கார்ந்து தலையாட்டும் காதை வைத்து, கால்களுக்காகச் செய்த இசையை அளப்பது சரியாகாது. சில்வெஸ்டர் ஒரு எல்லை. ஸ்டோன் இன்னொரு எல்லை. மற்றத் தலைவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு இரவும் இடம் பார்த்து நின்றவர்கள்.

அமெரிக்காவிடமிருந்து கடன் வாங்கினார்கள் என்பது மறுக்க முடியாதது. ஹில்டன் தன் பேண்டோடு அமெரிக்கா போக முயன்றபோது அங்கிருந்த வாத்தியக்காரர் சங்கம் குறுக்கே நின்றது. பதிலுக்கு பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சகம் 1935 முதல் அமெரிக்கப் பேண்டுகளுக்கு அனுமதி மறுத்தது. 1956-ல் ஸ்டான் கென்டன் பேண்ட் பிரிட்டனுக்கும் டெட் ஹீத் பேண்ட் அமெரிக்காவுக்கும் மாற்றிக்கொள்ளப்படும்வரை, இருபது ஆண்டுக்கு மேல் அந்தக் கதவு மூடியிருந்தது. இது உள்ளூர்க்காரர்களுக்கு வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தது, காற்றோட்டத்தையும் தடுத்தது. ஆனால் கடன் ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை என்பதற்கு ரே நோபிள் ஒருவரே சாட்சி. 1929-ல் எச்.எம்.வி. நிறுவனத்தின் மெல்லிசைப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர். அவருடைய 'நியூ மேஃபேர்' குழு பெரும்பாலும் ஸ்டூடியோவுக்குள் மட்டுமே இருந்தது. லண்டனின் மற்றப் பேண்டுகளில் இருந்த சிறந்தவர்களைப் பதிவு நேரத்துக்கு மட்டும் கூப்பிட்டு, தனக்கே உரிய ஒரு மிருதுவான ஒலியை அவர்களிடமிருந்து எடுத்தார். அந்த ஆட்களே அவரவர் பேண்டில் வாசிக்கும்போது அந்த ஒலி வராது. தட்டுகள் அமெரிக்காவிலும் விற்றன. 1934-ல் அவர் போலியையும் ட்ரம்ஸ்காரர் பில் ஹார்ட்டியையும் மட்டும் அழைத்துக்கொண்டு நியூயார்க் போனார். அங்கே அவருக்காக ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தவர், பிற்பாடு பெரும்புகழ் பெற்ற க்ளென் மில்லர். நோபிள் 1938-ல் எழுதிய 'செரோக்கி' என்ற பாட்டின் சுரக்கட்டின் மேல்தான் 1945-ல் சார்லி பார்க்கர் தன் 'கோ-கோ'வைக் கட்டினார். நவீன ஜாஸின் தொடக்கப் பதிவுகளில் முதன்மையானது அது. அதன் அடித்தளம் பிரைட்டன் நகரத்தில் பிறந்த ஒரு நடனக்குழுத் தலைவருடையது.

என் வாதத்துக்கு மிகக் கடினமான சோதனை கென் ஜான்சன். பிரிட்டிஷ் கயானாவில் பிறந்து, பதினைந்து வயதில் இங்கிலாந்துக்குப் படிக்க வந்து, நடனக்காரரானவர். இடுப்பை வளைத்து ஆடும் லாகவத்துக்காக 'ஸ்நேக்ஹிப்ஸ்' என்று பட்டப்பெயர். மேடையில் எந்த வாத்தியமும் வாசித்தவரில்லை. 1936-ல் ஜமைக்காவைச் சேர்ந்த ட்ரம்பெட்காரர் லெஸ்லி தாம்சன், கறுப்பினக் கலைஞர்களை மட்டும் கொண்டு ஒரு பேண்டை அரும்பாடுபட்டு உருவாக்கி, ஜான்சனை முன்னால் நிறுத்தினார். சில மாதங்களில் ஜான்சனும் மேலாளரும் சேர்ந்து பேண்டைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். தாம்சன் வெளியேறினார், சிலர் அவரோடு போனார்கள். குற்றப்பத்திரிகையின் எல்லாப் பக்கமும் இங்கே உண்மையாகிறது. வாசிப்பவரின் உழைப்பை முன்னால் நின்றவர் எடுத்துக்கொண்டார். அது அநியாயம்தான்.

அதற்கப்புறம் நடந்ததையும் பார்க்க வேண்டும். ஜான்சன் கரீபியத் தீவுகளிலிருந்து நான்கு வாத்தியக்காரர்களை வரவழைத்தார். அவர்களில் ஒருவர் கிளாரினெட்காரர் கார்ல் பாரிட்டோ. கார்டிஃப் துறைமுகத்தில் வளர்ந்த ஜோ டெனிஸ் கிட்டாருக்கு வந்தார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் நேரில் கேட்டுவிட்டு வந்த ஸ்விங் ஒலியை மனத்தில் வைத்துக்கொண்டு, அதை எட்டும்வரை இந்தக் குழுவை ஜான்சன் பழக்கினார். பல விடுதிகள் கறுப்பின விருந்தாளிகளை உள்ளே விடத் தயங்கிய லண்டனில், 1939 இறுதியிலிருந்து காஃபே டி பாரி என்ற நாகரிக உணவகத்தில் அவர் பேண்ட் நிரந்தரமாக அமர்ந்தது, வானொலியிலும் ஒலித்தது. 1941 மார்ச் 8 இரவு. லண்டன் மீது ஜெர்மன் விமானங்களின் குண்டுவீச்சு நடந்துகொண்டிருந்தது. தரைக்கு அடியில், ஒரு சினிமா அரங்குக்குக் கீழே இருந்ததால் அந்த உணவகம் பத்திரமான இடம் என்று பெயர் பெற்றிருந்தது. காற்றுப்போக்கி வழியாக விழுந்த குண்டு மேடைக்கு முன்னால் வெடித்தது. குறைந்தது முப்பத்துநான்கு பேர் இறந்தார்கள். ஜான்சனுக்கு வயது இருபத்தாறு. சாக்ஸபோன்காரர் டேவ் வில்லியம்ஸும் இறந்தார். டெனிஸ் காயத்தோடு தப்பினார். வாத்தியக்காரர்களில் பெரும்பாலோர் உயிர் பிழைத்தார்கள். திறமை அவர்களிடமே இருந்தது, தேவையும் ஊரெங்கும் இருந்தது. இருந்தும் அந்தப் பேண்ட் மறுபடி எழவில்லை. ஆளுக்கொரு குழுவில் சேர்ந்து நன்றாகவே வாசித்தார்கள், ஆனால் அந்த ஒலி போனது போனதுதான். வாசிக்காத ஒருவர் இல்லாமல் போனதும் ஒரு வாத்தியம் மௌனமானது என்பதை வேறு எப்படி விளங்கிக்கொள்வது?

தலைமை என்பது ஆண்களின் உடை அணிந்த ஒரு தோரணை மட்டுமே என்று சொல்பவர்களுக்கு ஐவி பென்சனைக் காட்டலாம். லீட்ஸ் நகரத்தில் ட்ராம்போன் வாசிப்பவரின் மகள். தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே கிளாரினெட்டும் சாக்ஸபோனும் பழகியவர். போரில் ஆண் வாத்தியக்காரர்கள் படைக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் பெண்களை மட்டும் கொண்ட பேண்டை அமைத்தார். வட இங்கிலாந்தின் ஆலைகளையும் சுரங்கங்களையும் சார்ந்த பித்தளை வாத்தியக் குழுக்களில் அப்பா, அண்ணனோடு சேர்ந்து ஊதப் பழகிய பெண்களைத் தேடிப் பிடித்தார். 1943-ல் பி.பி.சி. அவர் பேண்டை நிலையக் குழுவாக அமர்த்தியதும், ஆண் தலைவர்கள் கூட்டமாகப் போய் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவருக்கு உண்மையான தலைவலி வேறு. நன்றாகப் பழக்கிய பெண் ஒருத்தி கல்யாணமாகிப் போய்விடுவாள்; இன்னொருத்தி அமெரிக்கச் சிப்பாயோடு கப்பலேறிவிடுவாள். காலியான நாற்காலியில் அடுத்தவளை உட்கார வைத்து மறுபடி முதலிலிருந்து பழக்குவார். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்க, ஒலி நிலையாக நின்றது. நாற்பது ஆண்டு அப்படி நடத்தினார். பேண்ட் வெறும் வாத்தியக்காரர்களின் கூட்டல் என்றால் இது நடந்திருக்க முடியாது.

போருக்குப் பிறகு பெரிய குழுவுக்குச் சம்பளம் கொடுக்க முடியாத நிலை வந்தது. தனிப் பாடகர்கள் முன்னுக்கு வந்தார்கள். 1950-களின் நடுவில் நாலு பேரும் கிட்டாருமாக வேறொரு இசை வந்தது. அந்தக் கதை பலரும் அறிந்தது.

ஆல் போலி 1941 ஏப்ரல் 17 அன்று லண்டனில் தான் குடியிருந்த வீட்டருகே விழுந்த குண்டில் இறந்தார். ஜான்சன் இறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. குண்டுவீச்சில் இறந்த மற்றவர்களோடு சேர்த்துப் பொதுக் குழியில் அடக்கம் செய்தார்கள். தட்டுகளின் காகிதத்தில் இல்லாத அவர் பெயரைத் தாங்கிய நீலப் பலகை ஒன்று 2013 முதல் சேரிங் கிராஸ் சாலையில் இருக்கிறது. அது அவருக்குச் சேர வேண்டிய கடன். ஆனால் பாடகரின் பெயரை எழுதுவதற்காகத் தலைவரின் பெயரை அழிக்க வேண்டியதில்லை; இரண்டுக்கும் இடம் உண்டு. அந்தப் பழைய பதிவுகள் இன்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. லூ ஸ்டோனின் மான்சென்யர் பேண்ட் பதிவு ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை போலிக்காக. இரண்டாம் முறை, அவர் பாடி முடித்து உட்கார்ந்த பிறகு வருகிற அந்தக் கடைசி ஒரு நிமிடத்துக்காக.